வீடுகளை ஒட்டிய உணவகத்தில் நேரடி இசை: உரிமம் தரலாமா, கூடாதா?

கேள்வி இதுதான்: கீழ்த்தளத்தில் இயங்கும் உணவகம் ஒன்று, வாரத்தில் நான்கு நாள், நள்ளிரவு 12 மணி வரை நேரடி இசை நடத்த உரிமம் கேட்கிறது. அதன் மாடியில் இரண்டு வீடுகள். பின்புறம் 20 மீட்டர் தள்ளி ஒரு வீட்டு வரிசை. அங்கிருப்பவர்கள் எதிர்ப்பு மனு கொடுத்திருக்கிறார்கள். "கதவு, ஜன்னலை மூடிவிடுவோம், யாருக்கும் தொந்தரவு இருக்காது" என்கிறார் உரிமையாளர். உரிமக் குழுவில் இருப்பவர் எதை வைத்து முடிவெடுப்பது?

முதலில் 'நேரடி இசை' என்ற சொல்லை ஒதுக்கி வையுங்கள். அந்தச் சொல்லை வைத்து யாரும் சரியாக முடிவெடுக்க முடியாது. ஒரு கிடாரும் ஒரு குரலும் சிறிய ஸ்பீக்கரில் ஒலித்தால் அறைக்குள் 80 முதல் 85 டெசிபெல் வரும். முழு டிரம்ஸ், பேஸ் கிடார், இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் (தாழ்ந்த சுருதிக்கான தனி ஸ்பீக்கர்) என்று வந்தால் 95-ஐத் தாண்டி 105 வரைகூடப் போகும். 10 டெசிபெல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு. அதாவது ஒரே விண்ணப்பப் படிவத்தில், ஒரே கட்டத்தில் டிக் அடித்துக் கேட்கப்படும் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையே நூறு மடங்கு வித்தியாசம் இருக்கலாம். ஆகவே விண்ணப்பதாரரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: என்னென்ன வாத்தியம், அதிகபட்சம் எத்தனை கலைஞர்கள், டிரம்ஸ் உண்டா, சப்வூஃபர் உண்டா, ஸ்பீக்கர் உணவகத்துடையதா அல்லது குழு கொண்டுவருவதா, மேடை எந்தச் சுவரை ஒட்டி வருகிறது, எந்தெந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. கூடவே கதவு, ஜன்னல், எக்ஸாஸ்ட் குழாய், அவசர வழி எல்லாம் குறித்த தள வரைபடம். இவை இல்லாத விண்ணப்பத்தை விசாரணைக்கே எடுக்க வேண்டாம். எதை அனுமதிக்கிறோம் என்று தெரியாமல் அனுமதிப்பதாகிவிடும்.

அடுத்து, மாடி வீடுகளையும் பின்வரிசை வீடுகளையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டுக்கும் ஒலி போகும் வழி வேறு, தீர்வும் வேறு.

பின்வரிசை வீடுகளுக்கு ஒலி காற்று வழியாகப் போகிறது. அங்கே எவ்வளவு கேட்கும் என்பதைத் தோராயமாக நீங்களே கணக்கிடலாம். அறைக்குள் இருக்கும் அளவிலிருந்து சுவரோ கண்ணாடியோ தடுக்கும் அளவைக் கழியுங்கள். அந்தச் சுவர்ப் பகுதியின் பரப்பை சதுர மீட்டரில் எடுத்து அதன் மடக்கையை (கால்குலேட்டரில் 'log' பொத்தான்) 10-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். தொலைவை மீட்டரில் எடுத்து அதன் மடக்கையை 20-ஆல் பெருக்கிக் கழியுங்கள். கடைசியாக 14 கழியுங்கள். உள்ளே 95 டெசிபெல், பின்பக்கம் 10 சதுர மீட்டர் கண்ணாடி, அது தடுப்பது 30 டெசிபெல், வீடு 20 மீட்டரில் என்று வைத்தால் வெளியே 35 வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரவில் படுக்கையறைக்குள் சராசரி 30 டெசிபெல்லுக்குள் இருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்கும் நிலையில் அதற்கு வெளியே 45-க்குள் இருக்க வேண்டும். 35 என்பது அதற்குள் அடங்குகிறது. உரிமையாளர் சொன்னது சரிதான் போலத் தோன்றும்.

இப்போது பின்கதவைத் திறவுங்கள். 2 சதுர மீட்டர் திறப்பு, தடுப்பு பூஜ்யம். அதே கணக்கைப் போட்டால் அதே வீட்டு வாசலில் 58 டெசிபெல். ஒரு கதவு திறந்ததில் 23 டெசிபெல் ஏறிவிட்டது. சமையலறையிலிருந்து குப்பை கொண்டுபோகிறவர், வெளியே போய் புகைபிடிக்கிறவர், காற்று வரட்டும் என்று கதவுக்கு அடியில் ஒரு கட்டையைச் செருகுகிறவர் ஆகியோர்தான் அந்த வீட்டின் இரவைத் தீர்மானிக்கிறார்கள். சுவர் எவ்வளவு தடிமன் என்று விசாரணையில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, கதவைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடுவது இந்த விவகாரத்தில் அடிக்கடி நடக்கும் பிழை. ஒரு சுவரின் மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டையாக இருந்தாலே போதும், மீதிச் சுவர் எவ்வளவு கனமானதாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபெல்லைத் தாண்டாது. கதவுக்கடியில் இருக்கும் இடைவெளியும், குழாய் நுழையும் துளையும், மேலே அடைக்காமல் விட்ட காற்றுத் திறப்பும் சேர்ந்தால் நூற்றில் ஒரு பங்கை எளிதாக எட்டிவிடும்.

அதனால் 'கதவை மூடுவோம்' என்ற வாக்குறுதியை ஏற்க வேண்டாம். கதவு தானாக மூடும் ஏற்பாட்டைக் கேளுங்கள். ஆட்கள் போய்வரும் ஒவ்வொரு வாசலிலும் இரண்டு கதவு, நடுவில் சிறு முன்னறை, இரண்டிலும் தானே மூடிக்கொள்ளும் கருவி, விளிம்பெங்கும் ரப்பர் சீல். முன்னறை எவ்வளவு நீளம் என்பது முக்கியம்: முதல் கதவு மூடிய பிறகே இரண்டாவதைத் தொடும்படி இருக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளம் என்றால் ஒருவர் இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார், செலவு வீண்.

இன்னொன்று, ஜன்னலை மூடு என்று நிபந்தனை போடும் குழு, காற்றோட்டம் எப்படி என்று கேட்டே ஆக வேண்டும். நூறு பேர் இருக்கும் அறையில் குளிரூட்டியும் புதுக் காற்று தரும் விசிறியும் போதாமல் இருந்தால், ஒரு மணி நேரத்தில் யாராவது கதவைத் திறந்துவிடுவார்கள். அது ஒழுங்கீனம் இல்லை, மூச்சு முட்டுகிறது. ஆகவே காற்றோட்டத் திட்டம் இல்லாத 'கதவு மூடிய' உரிமம் முதல் வாரத்திலேயே மீறப்படும். அப்படிப் பொருத்தும் காற்றுக் குழாயும் எக்ஸாஸ்டும் ஒலியை வெளியே கொண்டுபோகும் குழல்களே என்பதால், அவற்றுக்குள் ஒலித்தடுப்பான் வைக்க வேண்டும். வெளியே இருக்கும் விசிறியின் தொடர்ந்த ரீங்காரத்தையும் சேர்த்துப் பாருங்கள். இசை நின்ற பிறகும் அது ஓடும்.

இதுவரை சொன்னது நடுத்தர சுருதிகளுக்கு. உண்மையான சண்டை தாழ்ந்த சுருதியில், அதாவது பேஸில் நடக்கிறது. புகார் மனுக்களில் 'டும் டும் என்று நெஞ்சில் இடிக்கிறது', 'பாட்டு கேட்கவில்லை, அதிர்வு மட்டும் வருகிறது' என்று எழுதியிருப்பார்கள். அது மிகைப்படுத்தல் இல்லை, இயற்பியல் அப்படி. 6 மில்லிமீட்டர் கண்ணாடி சராசரியாக 30 டெசிபெல் தடுத்தாலும் 63 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த சுருதிப் பகுதியில் 18 அளவுக்கே தடுக்கும். உள்ளே அந்தப் பகுதியில் 100 டெசிபெல் இருந்தால், மேலே போட்ட அதே கணக்கில் வீட்டு வாசலில் 52 வரும். அந்தச் சுருதியில் மனிதக் காது கேட்கத் தொடங்கும் அளவு சுமார் 38. திறந்த ஜன்னலில் ஒரு 10 குறைந்து 42 உள்ளே வந்தாலும் அது கேட்கும். அறையின் மூலையில், கட்டில் இருக்கும் இடத்தில், எதிரொலிப்பு சேர்ந்து இன்னும் கூடும்.

ஆனால் சாதாரண டெசிபெல் மீட்டரில் இது தெரியாது. 'ஏ' எடையில் அளக்கும் மீட்டர், 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபெல்லையும் 125 ஹெர்ட்ஸில் 16 டெசிபெல்லையும் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். ஆகவே விண்ணப்பதாரரின் அறிக்கை 'ஏ' எடை எண் ஒன்றை மட்டும் தந்து 'வரம்புக்குள் உள்ளது' என்று முடித்தால், அதை ஏற்காதீர்கள். 63, 125 ஹெர்ட்ஸ் பட்டைகளைத் தனியாக, எடையில்லாமல் அளந்து தரச் சொல்லுங்கள். எதிர்ப்பாளர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அதிகாரிகளும், அளக்கத் தெரியாதவர்கள் என்று மக்களும் ஒருவரையொருவர் குறைசொல்வதில் பாதி, தவறான எடையில் அளந்ததால் வருவது.

மாடி வீடுகளுக்கு வருவோம். அங்கே தூரம் என்ற உதவியே இல்லை. 150 மில்லிமீட்டர் கான்கிரீட் தளம் பேச்சுச் சத்தத்தை நன்றாகவே தடுக்கும். 63 ஹெர்ட்ஸில் சுமார் 35 அளவுக்குத்தான். கீழே 100 என்றால் மேலே 65 வரும். தரை மரத்தாலானது என்றால் இன்னும் மோசம். இதோடு கட்டடத்தின் உடல் வழியாகவும் அதிர்வு ஏறும்: தரையில் வைத்த சப்வூஃபர், சுவரில் ஆணியடித்து மாட்டிய ஸ்பீக்கர், மேடையில் உதைபடும் பேஸ் டிரம். சுவரில் பஞ்சு ஒட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பஞ்சும் நுரையும் அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும். ஒலி வெளியேறுவதை அவை தடுப்பதில்லை. தடுக்க எடை வேண்டும், இடைவெளி வேண்டும், தொடர்பு அறுபட வேண்டும். ஸ்பிரிங் தொங்கிகளில் தொங்கும் தனிக் கூரை, அதில் இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை, மேலே கனிமக் கம்பளி, தளத்துக்கும் அதற்கும் நடுவே முடிந்தவரை ஆழமான காற்றிடைவெளி. விளக்குக்காக அந்தக் கூரையில் துளை போட்டாலோ, ஒரே ஒரு கம்பியை நேராகத் தளத்தில் கட்டினாலோ பயனில் பெரும்பகுதி போய்விடும். இவ்வளவும் செய்த பிறகும் பேஸில் கிடைக்கும் குறைப்பு, பேச்சுச் சத்தத்தில் கிடைப்பதைவிடக் குறைவு. ஆகவே மாடியில் ஆள் குடியிருக்கும் கட்டடத்தில் டிரம்ஸும் சப்வூஃபரும் என்றால், நேரில் சோதித்துக் காட்டாதவரை 'இல்லை' என்பதே என் பதில்.

சோதனை கடினமானதல்ல. செய்யாமல் விடுவதற்குக் காரணமே இல்லை. முதலில் பின்னணி ஒலி: இசை இல்லாத ஒரு வாரநாளில், இரவு 10 முதல் 12 வரை, மழையும் காற்றும் இல்லாதபோது (காற்று நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் வேண்டாம்), தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், சுவர்களிலிருந்து 3.5 மீட்டர் விலகி அளக்க வேண்டும். சராசரியை மட்டும் பார்க்காமல், நேரத்தில் தொண்ணூறு விழுக்காடு எந்த அளவுக்கு மேல் இருந்தது என்பதைப் பாருங்கள். ஒரு லாரி போனால் சராசரி ஏறிவிடும். அந்தத் தொண்ணூறு விழுக்காட்டு எண்தான் தூங்க முயல்கிறவர் கேட்கும் அமைதி. சனிக்கிழமை மாலை 7 மணிக்கு அளந்த பின்னணியைக் கொண்டுவந்து நள்ளிரவுக்கு உரிமம் கேட்பார்கள், தேதியையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு, உணவகத்தின் சொந்த ஸ்பீக்கரில் பேஸ் நிறைந்த பதிவு ஒன்றைப் போட்டு, ஒருவர் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் கருவி அருகில், ஒருவர் மாடிப் படுக்கையறையில், ஒருவர் பின்வீட்டு ஜன்னலில் நின்று போனில் பேசிக்கொள்ள வேண்டும். மெதுவாக ஏற்றி, படுக்கையறையில் கேட்கத் தொடங்கும் புள்ளியைக் குறியுங்கள். கதவு மூடி ஒருமுறை, கதவு திறந்து ஒருமுறை. மூடிய நிலைப் புள்ளிக்கு 3 முதல் 5 டெசிபெல் கீழே வரம்பு. அந்த வரம்பில் ஒரு இசைக்குழு வாசிக்கவே முடியாது என்று தெரிந்தால், உங்கள் முடிவு அங்கேயே வந்துவிட்டது.

அந்த வரம்பைக் காக்க லிமிட்டர் போடுவதாகச் சொல்வார்கள். நல்ல கருவிதான், ஆனால் இரண்டு வகை. ஒன்று ஸ்பீக்கருக்குப் போகும் சமிக்ஞையை அமுக்கும். அது டிரம்ஸையும், கலைஞரின் சொந்த ஆம்ப்ளிஃபையரையும், பாடும் கூட்டத்தையும் கட்டுப்படுத்தாது. மற்றொன்று அறையில் மைக் வைத்து மொத்த ஒலியைக் கேட்டு, மீறினால் மேடை மின்சாரத்தைத் துண்டிக்கும். நேரடி இசைக்கு இரண்டாவதுதான் பொருந்தும், அதிலும் மின்சாரம் தேவைப்படாத டிரம்ஸ் தப்பித்துவிடும். மேடைக்கு எட்டும் எல்லா பிளக்கும் லிமிட்டர் வழியாகவே போக வேண்டும். சமையலறை பிளக்கிலிருந்து நீட்டிப்பு வயர் இழுத்தால் கருவிக்கு வேலை இல்லை. அமைப்பைப் பூட்டி, முத்திரையிட்டு, சாவியை உணவகத்தில் வைக்காமல் இருக்க வேண்டும். தீ எச்சரிக்கை மணி அடித்தால் இசை தானே அறுந்துபோகும்படி இணைக்கச் சொல்லுங்கள். டிரம்ஸுக்கு பதில் மின்னணு டிரம்ஸ், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி, இரண்டு பெரிய ஸ்பீக்கருக்கு பதில் மேசைகளின் அருகே பல சிறு ஸ்பீக்கர் என்று மாற்றினாலே பல உணவகங்களின் பிரச்சினை கருவி இல்லாமலே தீரும். சாப்பிட வந்தவர் பக்கத்து மேசையோடு பேசவும் முடியும்.

இசையைவிட அதிகம் பேரை எழுப்புவது இசை முடிந்த பிறகு வரும் அரை மணி நேரம். உள்ளே இருந்து காது மரத்துப்போன நூறு பேர் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்து உரக்கப் பேசுவார்கள், வண்டிக் கதவுகள் அறையும், வாடகைக் காருக்காக வீட்டு வாசல்களில் நிற்பார்கள். இதற்கு லிமிட்டர் கிடையாது. இசை முடியும் நேரத்துக்கும் கடை மூடும் நேரத்துக்கும் குறைந்தது 30 நிமிட இடைவெளி கொடுங்கள், கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலையும். வண்டி ஏறும் இடம் எது, வாசலில் யார் நிற்பார், வெளி மேசைகள் எத்தனை மணிக்கு உள்ளே போகும் என்று வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். காலிப் பாட்டில்களைக் கொட்டுவது இரவு 10 முதல் காலை 7 வரை கூடாது. அந்த ஒரே சத்தத்தால் வரும் புகார்கள் ஏராளம்.

உணவகம் என்று வாங்கிய உரிமம் ஆறு மாதத்தில் வேறு கடையாக மாறுவதும் உண்டு. பத்து மணிக்கு மேசைகளை ஓரம் தள்ளி, சமையலறையை மூடி, மதுவும் நடனமுமாகிவிடும். இதைத் தடுக்க 'உணவகமாகவே இயங்க வேண்டும்' என்று எழுதினால் போதாது. இசை நடக்கும் நேரம் முழுவதும் முழு உணவுப் பட்டியலும் கிடைக்க வேண்டும், இத்தனை இருக்கைகள் தரையில் இருக்க வேண்டும், நுழைவுக் கட்டணம் கூடாது என்று எழுதுங்கள். எண்ணிப் பார்த்துச் சொல்லக்கூடியவை அவை.

எதிர்ப்பு மனுவை எண்ணிக்கையால் எடைபோடாதீர்கள். ஒரே வாசகத்தில் முப்பது கையெழுத்தைவிட, 'என் படுக்கையறை பின்பக்கம், போன மாதம் இன்ன தேதிகளில் இத்தனை மணிக்கு இந்தச் சத்தம்' என்று ஒருவர் எழுதிய ஒரு பக்கம் கனமானது. அதேபோல், ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் தரும் ஆதரவுக் கடிதமும் படுக்கையறையைப் பற்றி எதுவும் சொல்லாது. இரவுப் பணிக்காரர், கைக்குழந்தை, நோயாளி இருக்கும் வீடுகள் எவை என்று கேளுங்கள். இசையால் அந்தத் தெருவில் இரவில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் வரும், கலைஞர்களுக்கு மேடை கிடைக்கும் என்பதையும் நேர்மையாக எடுத்துக்கொள்ளுங்கள். யார் முதலில் வந்தவர் என்பதும் முக்கியம். புதிதாக வருகிறவரே ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-இலும் இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கை 2018-இலும் ஏற்றுக்கொண்டன. பெரும்பாலும் பழைய இசைக்கூடங்களைப் புது அடுக்ககங்களிடமிருந்து காக்க எழுந்தது அது. ஆனால் அதே நியாயம் இங்கே திரும்பி, இருக்கும் வீடுகளுக்கு நடுவே இசையைக் கொண்டுவரும் உணவகத்தின் மேல் செலவைச் சுமத்துகிறது.

நிபந்தனை எழுதும்போது ஒரே சோதனை: இரவு 11 மணிக்கு ஒரு அதிகாரி தெருவில் நின்று, மீறலா இல்லையா என்று ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியுமா? 'அண்டைவீட்டாருக்குத் தொந்தரவில்லாமல்' என்பதை அப்படிச் சொல்ல முடியாது. 'இசை 10.30-க்கு நிற்க வேண்டும்', 'பின்கதவு இசை நேரத்தில் திறந்திருக்கக் கூடாது', 'மேடையில் மூன்று பேருக்கு மேல் கூடாது, டிரம்ஸ் கூடாது', 'வெளியே ஸ்பீக்கர் கூடாது', 'பொறுப்பாளரின் போன் எண் எதிர்வீடுகள் எல்லாவற்றிலும் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும், அழைப்புகள் நேரத்தோடு பதிவேட்டில் இருக்க வேண்டும்' என்பவற்றைச் சொல்ல முடியும். உரிமம் கட்டடத்துக்கா, நடத்துகிறவருக்கா என்பதையும் தெளிவாக்குங்கள். கவனமான உரிமையாளர் விற்றுவிட்டுப் போனபின் அதே தாள் வேறு கையில் என்ன செய்யும் என்று யோசித்துத்தான் எழுத வேண்டும்.

உங்கள் முன் இருக்கும் விண்ணப்பத்துக்கு: நான்கு இரவு, நள்ளிரவு வரை என்பதை நான் மறுப்பேன். மாடியில் ஆள் இருக்கிறார்கள், சோதனை அறிக்கை இல்லை, கதவைப் பற்றி ஒரு வாக்குறுதி மட்டும் இருக்கிறது. ஆனால் மொத்தமாக மறுக்கவும் மாட்டேன். வெள்ளி, சனி இரண்டு இரவு, இசை 10.30 வரை, கடை 11 வரை. அதிகபட்சம் மூன்று கலைஞர்கள், டிரம்ஸும் சப்வூஃபரும் இல்லாமல். பின்வாசலில் முன்னறையும் இரட்டைக் கதவும் கட்டி முடித்து, காற்றோட்டம் பொருத்தி, மாடிப் படுக்கையறையில் சோதித்து லிமிட்டர் முத்திரையிட்ட பிறகே முதல் நிகழ்ச்சி. ஆறு மாதத்துக்குத் தற்காலிக உரிமம். ஐந்தாம் மாதத்தில் அறிவிக்காமல் இரண்டு இரவு போய் அளவீடு, பதிவேட்டைப் பார்த்தல், மாடி வீட்டாரையும் பின்வரிசையாரையும் கேட்டல். அதில் தேறினால் மூன்றாவது இரவைப் பற்றிப் பேசலாம். டிரம்ஸ் வேண்டுமென்றால் தொங்கு கூரை போட்டுவிட்டு மறுபடி விண்ணப்பிக்கட்டும், சோதனையும் மறுபடி முதலிலிருந்து.